திங்கட்கிழமை பிள்ளைகளை அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கடந்த புதன்கிழமை ஆறாம் வகுப்பில் 38 பிள்ளைகளில் 21 பேர்தான் வந்தார்கள். காய்ச்சலும் இல்லை, மழையும் இல்லை. "புள்ள புடிக்கிறவங்க வேன்ல சுத்துறாங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோதான் காரணம்.

அன்று ஓர் அம்மா என் அறைக்கு வந்து போனைக் காட்டினார். தெரு குரூப், சொந்தக்காரர் குரூப், சீட்டு குரூப் மூன்றிலும் அதே ஆடியோ. "மூணு இடத்துல சொல்றாங்களே மிஸ், பொய்யா இருக்குமா?" என்றார். முழுவதும் கேட்டேன். எந்தத் தெரு, என்றைக்கு, யார் வீட்டுப் பிள்ளை என்று எதுவும் இல்லை. காவல் நிலையத்துக்கே போய் விசாரித்தேன். அப்படி ஒரு புகாரும் வரவில்லை என்றார்கள்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால் அது உண்மை என்றே மனசுக்குப் படும். 1977-லேயே அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். 1979-இல் கூம்ஸ், ஸ்லோவிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே இரண்டு நாளிதழ்களை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். கொலையில் சாகிறவர்களைவிட நோயில் சாகிறவர்கள் சுமார் 100 மடங்கு அதிகம். ஆனால் நோய்ச் சாவைவிடக் கொலைச் செய்திகள் மூன்று மடங்கு அதிகமாக வந்திருந்தன. எதனால் அதிகம் பேர் சாகிறார்கள் என்று மக்களைக் கேட்டால், அவர்கள் கணக்கும் பேப்பர் பக்கம்தான் சாய்ந்தது.

இது நமக்குப் புரியாத விஷயமா? வடசென்னை என்றாலே கத்தி, ரவுடி என்று டிவியிலும் சினிமாவிலும் காட்டிக் காட்டி, நம் பிள்ளைகள் தண்டையார்பேட்டை என்று ஊர் பெயர் சொல்லவே தயங்குகிறார்கள். போன வருஷம் அடையாறில் பேச்சுப் போட்டிக்குப் போன நம் எட்டாம் வகுப்புப் பெண்ணிடம், "உங்க ஏரியால தினமும் வெட்டுக்குத்தாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். பரிசு வாங்கிய பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். நம்மைப் பார்த்து ஊர் பயப்படுவது எப்படியோ, போர்வை விற்க வரும் வடமாநிலப் பையனைப் பார்த்து நாம் பயப்படுவதும் அப்படித்தான். வியாழக்கிழமை நம் பள்ளி வாசலில் அப்படி ஒரு பையனை நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். வாட்ச்மேன் குறுக்கே போய் நின்றதால் தப்பித்தான்.

2018 மே மாதம் நடந்ததை மறந்துவிடாதீர்கள். இதே வதந்தியை நம்பி, இங்கிருந்து வடக்கே இருக்கும் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்றார்கள். போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தில், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து அடித்ததில் அவர் செத்துப்போனார். அந்த ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி மாற்றப்போவதாக வாட்ஸ்அப் அறிவித்தது.

என் பயம் வேறு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நம் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு சாலையைக் கடப்பதைத் தினமும் பார்க்கிறேன். அதைப் பற்றி எந்த குரூப்பிலும் ஆடியோ வருவதில்லை. காலையும் மாலையும் அரை மணி நேரம் அங்கே நிற்க ஏழெட்டுப் பெற்றோர் வேண்டும். முடிகிறவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

இனி அப்படி ஆடியோ வந்தால் யாருக்கும் அனுப்பாமல் முதலில் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். பிள்ளைக்கு நிஜமாகவே ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் 1098 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

திங்கட்கிழமை பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். காலை எட்டு மணியிலிருந்து நான் கேட்டிலேயே நிற்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை