கோல் பிடிக்க வைத்தவர்களுக்கு நன்றி

யாங்கோனில் இருக்கும் நம்மவர்கள் எல்லாருக்கும் வணக்கம். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. வேலை முடிய இருட்டிவிடுகிறது, இருட்டில் நான் படியேறும் லட்சணம் தெரிந்ததுதானே, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் கண் டாக்டரம்மா. மாலைக்கண் என்றதும் கீரை தின்னு, ஈரல் தின்னு என்று ஊரே சொன்னது. வைட்டமின் ஏ குறைவால் வந்திருந்தால் அது சரிதான். எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, பரம்பரையாக வருவது. மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் முதலில் கெட்டு, போகப் போகப் பக்கப் பார்வையும் குறுகும். இதை ஒளிக்காமல் சொல்லி, "நடக்கிறதுக்கு வழி பண்ணிக்கோங்க" என்றார்.

வழி பண்ணியது மச்சான். போனிலேயே என் நெஞ்சு உயரத்தை அளக்கச் சொல்லி, பார்வை குறைந்தவர்கள் தட்டி நடக்கும் மடக்கு வெள்ளைக்கோல் ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கி வந்தார். பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற பர்மிய ஆசிரியர் ஒருவர்: வலக்கால் வைக்கும்போது நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும், தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வீச வேண்டும். இரண்டாம் உலகப் போரில் கண் போன அமெரிக்க வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறையாம். காசு கொடுத்தால் திட்டுவார் சயா (பர்மியத்தில் ஆசிரியர்).

அப்புறம் எலக்ட்ரிக் கடைத் தம்பி. போன் டார்ச் போதாது, வெளிச்சம் அகலமாக விரிய வேண்டும் என்று கடையிலிருந்த டார்ச்சை எல்லாம் கரண்ட் போன தெருவில் அடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். ஆனாலும் சொல்கிறேன், டார்ச் ஆளையும் சுவரையும் காட்டும், எதிரே கார் விளக்கு அடித்துவிட்டால் அதுவும் போச்சு. மூடியில்லாத சாக்கடையைக் கண்டுபிடிப்பது கோல்தான்.

டீக்கடை அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. பகலில் பேப்பர் படிக்கிறவன் ராத்திரி கோல் தட்டி நடிக்கிறான் என்று யாரோ சொன்னபோது நான் வாயே திறக்கவில்லை. அண்ணன்தான் அந்த ஆளை உட்காரவைத்து, பகலில் தெரிகிற கண்ணே இரவில் தெரியாமல் போகும் என்று விளக்கினார், டீக்குக் காசும் வாங்கிக்கொண்டார்!

கோயில் படி விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த பையன்களுக்கும், சந்து முனையில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும் சைக்கா (மூன்று சக்கர மிதிவண்டி) ஓட்டுபவருக்கும் நன்றி. எங்கள் வீட்டு முன்னால் இருந்த சாக்கடைப் பலகையை எடுத்துப்போன புண்ணியவான் இதைப் படித்தால், தயவுசெய்து திரும்ப வைத்துவிடுங்கள், அந்த நன்றியையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.