'சர்வர் டவுன்' என்றதோடு விட்டுவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கணினிச் சேவை முடங்கி மக்கள் கால்கடுக்க நின்ற செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். "சர்வரில் லோடு அதிகம், புதிய சர்வர் வாங்கப் போகிறோம்" என்ற அதிகாரியின் பதிலோடு செய்தி முடிந்துவிட்டது. ஈரோட்டில் டேட்டாபேஸ் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

கூட்டம் கூடினால் லோடு கூடும், வாஸ்தவம்தான். ஆனால் பிராசஸர் 100 சதவீதத்திலேயே நிற்கும் இடங்களில் நான் அதிகம் கண்டது, மோசமாக எழுதப்பட்ட ஒன்றிரண்டு குவெரிகளைத்தான் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளைகள்).

அண்மையில் ஒரு நிதி நிறுவனத்தில் இதே கதை. அங்கே இருந்தது எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் மென்பொருள். கவுன்ட்டரில் வாடிக்கையாளர் எண்ணைத் தட்டினால் திரை அப்படியே நிற்கும். டிஸ்க் சும்மா கிடக்கிறது, பிராசஸர் மட்டும் கொதிக்கிறது. துப்பு அதில்தான் இருந்தது. வாடிக்கையாளர் விவரங்கள் உள்ள டேபிள் மொத்தமும் மெமரியில் இருக்க, ஏதோ ஒரு குவெரி அதை ஓயாமல் மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் எண் 'வார்சார்' என்ற எழுத்து வகை ஃபீல்டு, தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸும் இருந்தது. ஜாவாவில் எழுதிய மென்பொருளோ அதே எண்ணை, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் 'என்வார்சார்' வகையில் அனுப்பியது. வகை பொருந்தாததால், அங்கிருந்த கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதிமுறை), இன்டெக்ஸில் நேரே தேட முடியாமல், டேபிளில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அந்த வகைக்கு மாற்றி ஒப்பிட வேண்டிய கட்டாயம். அகராதியில் ஒரு சொல்லுக்கு முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருவது போல.

ஜாவா இணைப்பில், எல்லாவற்றையும் என்வார்சாராக அனுப்பச் செய்யும் செட்டிங்கை அணைத்தாலே இது சரியாகும். ஆனால் அப்படி அணைத்தால், தமிழில் சேமிக்கும் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்! அதனால் அந்த ஒரு குவெரியில் மட்டும், அனுப்பும் எண்ணை வார்சார் வகைக்கு மாற்றச் சொன்னேன். அடங்கிவிட்டது. புது சர்வர் தேவைப்படவில்லை.

அதுவரை அங்கே நடந்த வைத்தியம், ரீஸ்டார்ட். செய்தால் கொஞ்ச நேரம் மூச்சு விடும். கூடவே, எந்தக் குவெரி எவ்வளவு பிராசஸரைத் தின்றது என்று மெமரியில் இருந்த கணக்கும் அழிந்துபோகும். எஸ்க்யூஎல் சர்வரின் 2016 பதிப்பிலிருந்து 'குவெரி ஸ்டோர்' வசதி இருக்கிறது. அந்தக் கணக்கை டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதிவைக்கும். அதை ஆன் செய்துவைக்கக்கூட அங்கே ஆளில்லை.

புது சர்வர் என்றால் பெட்டிக்கான விலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2012 பதிப்பு முதல் எஸ்க்யூஎல் சர்வர் மென்பொருளுக்குக் கோர் (பிராசஸருக்குள் இருக்கும் கணிப்பு அலகு) கணக்கில் லைசென்ஸ் வந்துவிட்டது. கோர் கூடக்கூட அந்தச் செலவும் ஏறும். பொதுப் பணம் என்றால் கேட்க வேண்டாமா?

அடுத்த முறை உங்கள் நிருபர் இதையும் கேட்கட்டும்: முடங்கிய நேரத்தில் பிராசஸரை அதிகம் எடுத்த குவெரி எது? அதன் எக்ஸிகியூஷன் பிளானை (குவெரியை டேட்டாபேஸ் எந்த வழியில் நிறைவேற்றுகிறது என்ற திட்டம்) யாராவது திறந்து பார்த்தார்களா, அல்லது அதற்கு முன்பே டெண்டர் விட்டாயிற்றா?

இப்படிக்கு,
டேட்டாபேஸ் நிர்வாகி ஒருவர்,
ஈரோடு.