மேல் ஸ்தாயியில் மெல்ல ஒரு வரி

மயிலாடுதுறை,
ஐப்பசி 18.

அன்புள்ள நண்பா,

பதில் தாமதமாகிவிட்டது. சம்பா நடவு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. வயலில் நின்ற தண்ணீர் வடிய நான்கு நாள் ஆயிற்று. பயிர் தப்பித்தது.

உன் யூபோனியத்தில், அந்த வால்வு வைத்த பெரிய பித்தளைக் குழலில், மேல் ஸ்தாயிக்குப் போனாலே பிளிறுகிறது, ஜாஸ் பேலட் என்னும் மெதுவான பாட்டுக்கு அது ஆகவில்லை என்று எழுதியிருந்தாய். நம் இருவருக்கும் பேண்டு ஊர்வலம் கொடுத்த பழக்கம் அது. வெடிச் சத்தத்தையும் டிரம்மையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்று ஊதியே உதடு இறுகிவிட்டது. மேல் சுரம் என்றால் மவுத்பீஸை அழுத்துவோம். அழுத்தினால் உதடு அதிராது, நாதம் நெரிந்துபோகும். சித்திரையில் அப்படி அழுத்தித்தான் என் உதடு வெடித்து, டிராம்போனை இரண்டு வாரம் தொட முடியவில்லை.

அந்த நாட்களில் அமெரிக்க ஜாஸ் டிராம்போன்காரர் டாமி டார்ஸியை மட்டும் கேட்டேன். 1935இல் பதிவான அவர் குழுவின் அடையாளப் பாட்டை எத்தனை முறை கேட்டேனோ! எடுப்பே மேலே, ஆனால் எங்கும் முட்டல் இல்லை, மூச்சு விட்ட இடமும் தெரியவில்லை. 1940இல் அவரிடம் பாட வந்த பிராங்க் சினாட்ரா, மேடையில் அவர் முதுகையே கவனித்துக்கொண்டிருப்பாராம். வாயோரத்தில் ஊசித்துளை அளவு வழி விட்டு டார்ஸி மூச்சு வாங்கினார் என்று சினாட்ராவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு உடனே நம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான் நினைவுக்கு வந்தார். சுருதி ஏறிய குட்டை நாதஸ்வரமான திமிரியை விட்டு, நீண்டு தாழ்ந்த பாரி நாயனத்தைக் கையில் எடுத்தவர் அவர். அதில் தோடி தார ஸ்தாயியில் நிற்கும்போது சுரத்துக்கு அடியில் ஒரு கனம் இருக்கும். டிராம்போனிலும் அப்படித்தான். டிரம்பெட்டுக்கு நடு ஸ்தாயியாக இருக்கும் சுரம் டிராம்போனுக்கு உச்சி. ஒன்பதடிக் குழாயின் உடம்பு அந்த உச்சியைத் தாங்குகிறது. அந்த உடம்பு கேட்க வேண்டுமானால் மெல்ல ஊத வேண்டும். 1956 நவம்பரில் டார்ஸி போனார், டிசம்பரில் ராஜரத்தினம் போனார். இதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேலே போகப் போகச் சுரங்கள் நெருங்கிவிடுகின்றன. கீழே கை முழுக்க நீட்டி எடுப்பதை, மேலே ஸ்லைடின், அதாவது இழுத்து நீட்டும் குழாயின், ஏழு நிலைகளில் முதல் மூன்றுக்குள்ளேயே பெரும்பாலும் முடித்துவிடலாம். ஆனால் ஸ்லைடு நகரும் நொடியில் நாக்கு மெல்லத் தொட்டாக வேண்டும், இல்லையென்றால் வேண்டாத இடத்தில் ஜாரு, அதாவது சுர வழுக்கல், இழுபடும். 'து' என்று வெட்டாமல் 'லு' என்று தொடுகிறேன். நாக்கால் தட்டி ஊதும் துத்துக்காரத்தை இழையவிடும் நாதஸ்வரக்காரருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். உனக்கு வால்வு என்பதால் இந்தத் தொல்லை இல்லை. காற்றை நிறுத்தாமல் விரலை மட்டும் சட்டென்று மாற்று, போதும்.

சாதகம் இப்படிச் செய்கிறேன்: நடு ஸ்தாயியில் ஒரு வரியை எவ்வளவு சன்னமாக முடியுமோ அவ்வளவு சன்னமாக வாசிப்பேன். மறுநாள் அரைச் சுரம் ஏற்றுவேன். உரக்க ஊதத் தோன்றும் இடம் வந்தால் அன்றைக்கு அதோடு வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிடுவேன். ஆடியில் தொடங்கியது, இதுவரை நாலரைச் சுரம்தான் ஏறியிருக்கிறது. அவசரமில்லை. ஏறிய ஒவ்வொன்றும் என்னுடையதாகிவிட்டது.

ஐப்பசிக் கடைசி நாள் காவிரி முழுக்கான கடைமுகத்துக்குக் கட்டாயம் வா, யூபோனியத்தையும் எடுத்துக்கொண்டு வா. துலாக்கட்டத்தில் முழுகிவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விடலாம். ஒரு வரி வைத்திருக்கிறேன். முதலில் நீ கீழே பிடித்து நில், நான் மேலே வாசிக்கிறேன். பிறகு மாற்றிக்கொள்வோம்.

உன் பழைய கூட்டாளி