மூன்று நாள் முன்னாடியே பாரிசுக்கு வரும் பெரியம்மாவுக்கு

லியோன்
20 ஜூலை 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். டூர்க்காரர்கள் அக்டோபர் 7, செவ்வாய் காலை பாரிசில் இறங்குகிறார்கள், நீங்கள் மட்டும் சனிக்கிழமை 4ஆம் தேதியே வந்து தனியாகச் சுற்றப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். தைரியமாக வாருங்கள். டூர் பஸ் ஊரைக் கண்ணாடி வழியாகத்தான் காட்டும். ஆனால் பெட்டியை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரி பார்க்க வேண்டும்.

முதலாவது, விமான டிக்கெட். டூர்க்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் போக-வர டிக்கெட் போட்டிருப்பார்கள். போகிற விமானத்தில் நீங்கள் ஏறாவிட்டால் திரும்புகிற டிக்கெட்டையும் விமானக் கம்பெனி ரத்து செய்துவிடும். 'அந்த ஒரு சீட்டை மட்டும் விட்டுவிடுகிறேன்' என்கிற பேச்சே கிடையாது. உங்கள் பெயருக்கு மட்டும் புறப்படும் தேதியை 3ஆம் தேதி இரவுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் விமானம் இல்லாமல் டூருக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு, டிக்கெட்டைத் தனியாக எடுங்கள்.

இரண்டாவது, விசா. அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பது ஒரு வரி; அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு வரி. கூட்டத்தோடு சேர்த்து மனு போட்டால் டூர் நாட்களை மட்டும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் முழு நாளாகவே எண்ணப்படும். அதனால் அந்த மூன்று இரவுக்கான ஓட்டல் பதிவை உங்கள் மனுவோடு கட்டாயம் வையுங்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் 4ஆம் தேதியிலிருந்தே தொடங்க வேண்டும். மனு கொடுக்கக் கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. அதுவரை காத்திருக்காதீர்கள், இப்போதே கொடுங்கள்.

ஓட்டலை பாஸ்டில் பக்கம் பாருங்கள். ஈஃபில் கோபுரத்துக்கு அருகில் எடுத்து காசைக் கொட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அதை எப்படியும் டூரில் காட்டுவார்கள். விலாசத்தின் அஞ்சல் எண் 75 என்று தொடங்கினால்தான் அது பாரிஸ். கடைசி இரண்டு எண் வட்டாரத்தைச் சொல்லும்: 75011 என்றால் 11ஆம் வட்டாரம். 93, 95 என்று தொடங்குவதெல்லாம் புறநகர். டூர்க்காரர்கள் 'பாரிஸ் ஓட்டல்' என்று எழுதுவது பெரும்பாலும் அந்த வகைதான், சண்டை போட்டுப் பயனில்லை.

சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கியதும் ரயில் படம் போட்ட பலகையைப் பின்பற்றுங்கள். கவுன்ட்டரில், 2025 கட்டணப்படி, சீட்டுகளை ஏற்றிக்கொள்ளும் 'நவிகோ ஈஸி' அட்டை 2 யூரோ. அதில் ஊருக்குள் போகும் விமான நிலையச் சீட்டு 13 யூரோ. மெட்ரோ சீட்டு 2.50, பஸ் சீட்டு 2 யூரோ. இரண்டும் வேறு வேறு, ஒன்றை வைத்து இன்னொன்றில் ஏற முடியாது. விமான நிலையச் சீட்டும் மெட்ரோ சீட்டும் ஒரே அட்டையில் சேர்ந்து இருக்காது. முதலில் 13 யூரோ சீட்டை மட்டும் ஏற்றி, ஊருக்குள் போய் அது தீர்ந்த பிறகு மற்றதை ஏற்றுங்கள். வெளியே வரும் கதவிலும் அட்டையைக் காட்ட வேண்டியிருக்கும், பைக்குள் புதைத்துவிடாதீர்கள்.

ஆர்.ஈ.ஆர். என்கிற புறநகர் ரயிலில் நீல நிற 'பி' தடத்தில் கார் து நோர் நிலையம் வரை அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். அங்கே மெட்ரோ 5ஆம் தடம், 'பிளாஸ் தித்தாலி' என்று எழுதிய திசை. இங்கே வடக்கு, தெற்கு என்று சொல்வதில்லை. கடைசி நிலையத்தின் பெயர்தான் திசை. ஏழாவது நிறுத்தம் பாஸ்டில். சில தடங்களில் கதவு தானாகத் திறக்காது, கைப்பிடியைத் தூக்க வேண்டும் அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். பெரும்பாலான மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிதான். அதனால் கையால் தூக்க முடிகிற பெட்டி ஒன்றே ஒன்று. முடியாது என்று தோன்றினால் டாக்சி பிடியுங்கள். பாஸ்டில் இருக்கும், ஆற்றின் வடகரைக்கு 2025இல் 56 யூரோ என்று கட்டணமே நிர்ணயம், மீட்டர் பேச்சு இல்லை. வெளியே டாக்சி வரிசையில்தான் ஏற வேண்டும். உள்ளேயே வந்து 'டாக்சி, மேடம்?' என்று கேட்கிறவன் பின்னால் போகாதீர்கள்.

பாஸ்டிலில் இறங்கியவுடன் அவசரப்படாமல் 5ஆம் தட நடைமேடையைப் பாருங்கள். சிறையாக இருந்த பழைய பாஸ்டில் கோட்டைச் சுவரின் மிச்சம் அங்கேதான் இருக்கிறது. மேலே சதுக்கத்தில் சிறை எதுவும் இல்லை, 1789 பிரெஞ்சுப் புரட்சியிலேயே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் நிற்கிற தூணை எல்லோரும் அந்தப் புரட்சியின் நினைவு என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். அது 1830 ஜூலைப் புரட்சிக்கானது. சனி சாயங்காலம் இவ்வளவு போதும். நமக்கும் இங்கேக்கும் அப்போது மூன்றரை மணி வித்தியாசம். எட்டு மணிக்கே கண் சொக்கும்.

ஞாயிறு காலை அலிகர் சந்தைக்கு நடந்தே போகலாம், பத்து நிமிஷம். மதியம் ஒரு மணிக்கு முன்னால் கடையைக் கட்டத் தொடங்குவார்கள், அப்போது பழம் விலை இறங்கும். பழத்தை நீங்களே தொட்டுப் பொறுக்காதீர்கள்; கடைக்காரர் எடுத்துத் தருவதுதான் வழக்கம். எந்தக் கடையில் நுழைந்தாலும் முதல் வார்த்தை 'போன்ழூர்', அதாவது வணக்கம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இங்கே அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும், நிஜமாகவே.

அங்கிருந்து பழைய ரயில் பாலத்தின் மேல் ஏறுங்கள். 1859இல் ஓடத் தொடங்கி 1969இல் நின்றுபோன தடம். 1993இல் அதைத் தோட்டமாக்கித் திறந்தார்கள். 'கூலே வெர்த்' என்று பெயர். மரத்துக்கு நடுவே மாடி வீட்டு ஜன்னல்களின் உயரத்தில் நடக்கிற அனுபவம் பஸ்சில் கிடைக்கவே கிடைக்காது. முழுதும் நடக்க வேண்டாம், நாலரை கிலோமீட்டருக்கு மேல் போகும். இடையிடையே இறங்கப் படி இருக்கிறது.

மதியம் கார்னவாலே அருங்காட்சியகம். பாரிஸ் நகரத்தின் கதை முழுக்க அங்கே இருக்கிறது, நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. பாஸ்டில் சிறையின் கல்லிலேயே செதுக்கிய அந்தச் சிறையின் மாதிரியும் உண்டு. திங்கள் விடுமுறை, அதனால் ஞாயிறே போய்விடுங்கள். பக்கத்தில் ரோசியே தெருவில் யூதர் கடைகளில் கொண்டைக்கடலை வடை போல ஃபலாஃபல் கிடைக்கும், சைவம்தான். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், ஞாயிறு திறந்திருக்கும். மற்ற கடைகளில் 'சைவம்' என்று மட்டும் சொன்னால் மீனைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லுங்கள். தண்ணீருக்குக் காசு தராதீர்கள்: 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். இரண்டு மணிக்குப் பிறகு ஏழு வரை பல ஓட்டல்களில் அடுப்பு எரியாது.

அன்று மாதத்தின் முதல் ஞாயிறு, ஓர்சே அருங்காட்சியகம் இலவசம். ஆனால் நேரத்தை முன்பே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். நெரிசல் பிடிக்காது என்றால் விட்டுவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை நோத்ர்தாம் தேவாலயம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தது. உள்ளே போகக் கட்டணமே இல்லை. வாசலில் யாராவது டிக்கெட் விற்றால் ஏமாற்று. பிறகு 69ஆம் நம்பர் பஸ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். லூவ்ர் அருங்காட்சியகம், ஆற்றங்கரை எல்லாம் தாண்டி ஈஃபில் கோபுரத்துப் புல்வெளி வரை இரண்டு யூரோவில் போகும். முன்கதவில் ஏறி அட்டையைக் காட்டுங்கள். இறங்கச் சிவப்புப் பொத்தான். லூவ்ருக்குள் போக இந்தப் பயணத்தில் ஆசைப்பட்டால் அதுவும் திங்கள்தான். செவ்வாய் மூடியிருக்கும், டூர்க்காரர்கள் வருவதே செவ்வாய். அவர்கள் பட்டியலில் 'லூவ்ர்' என்று இருந்தால் வெளியிலிருந்து பார்ப்பதுதானா என்று கேட்டு வையுங்கள்.

திங்கள் மாலை லா சப்பல். கார் து நோருக்குப் பின்னால் தெருவே ஈழத் தமிழர் கடைகள். தோசை, கொத்துரொட்டி, மல்லிகைப்பூ, எல்லாம். பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோவிலும் இருக்கிறது.

மலைமேல் இருக்கும் சாக்ரே கேர் தேவாலயத்துக்குப் போனால் படியடியில் கையில் நூல் கட்ட வருவார்கள். கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள். மெட்ரோவில் கதவோரம் நின்று போனைப் பார்க்காதீர்கள், கதவு மூடுகிற நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தெருவோரக் கழிப்பறைகள் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் உடனே நுழையாதீர்கள், கதவு மூடித் தானே கழுவிக்கொள்ளும். பச்சை விளக்கு வந்த பிறகு போங்கள்.

செவ்வாய் காலை கூட்டத்தோடு சேர்வதற்கு விமான நிலையமே வசதி. எந்த டெர்மினல் என்று டூர் மேலாளரிடம் முதல் நாளே கேளுங்கள். கார் து நோரில் 'பி' ரயில் ஏறும்போது பலகையை நன்றாகப் பாருங்கள். அதே நடைமேடையிலிருந்து மித்ரி என்ற ஊருக்கும் ரயில் போகும், அதில் ஏறினால் வேறு பக்கம் போய்விடுவீர்கள். ஓட்டலிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பஸ் டிரைவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம் என்று சட்டம் உண்டு, உங்களுக்காக அவர் காத்திருக்க மாட்டார்.

சார்ஜர் இரண்டு முனை என்றால் இங்கே பொருந்தும், மூன்று முனை பொருந்தாது. வழியில் கொறிக்க முறுக்கு, ஊறுகாய் கொண்டுவரலாம். பால், இறைச்சிப் பொருளை எல்லையில் அனுமதிப்பதில்லை, அதனால் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். விசா வந்ததும் அந்தத் தேதி வரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்