திட்டினால்தான் உறுதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதிரி நாட்டைப் பற்றித் தலைவர்கள் காரசாரமாகப் பேசினால்தான் அந்த நாடு அடங்கும் என்று போன இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

ஒரு அரசு அக்கிரமம் செய்தால் அதை அக்கிரமம் என்றே சொல்ல வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. எல்லையைத் தாண்டியது, ஒப்பந்தத்தை மீறியது, கைதிகளைச் சித்திரவதை செய்தது என்று ஆதாரத்தோடு உரக்கவே சொல்லட்டும். ஆனால் மேடைகளில் கேட்பது பெரும்பாலும் அதுவா? அந்த நாட்டுக்காரனே அப்படித்தான், அவன் பிறவிக்குணம் அது, பூண்டோடு அழிக்கணும் என்கிற பேச்சுதான். அது எதிரி நாட்டு அதிபரை மிரட்டப் பேசுவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. எதிரே உட்கார்ந்து கைதட்டுகிற சொந்த நாட்டு வாக்காளருக்காகப் பேசுவது.

கட்டுரையாளர் அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் 1963 ஜூன் 10 உரையை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரின் விளிம்பு வரை போய்த் திரும்பியிருந்தன. அப்போதுதான் வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழக மேடையில் நின்று, கம்யூனிசம் எங்களுக்கு அடியோடு ஏற்க முடியாதது என்று ஒளிக்காமல் சொன்னார். அதே மூச்சில், எந்த அரசு எவ்வளவு கெட்டதானாலும் அதன் மக்களிடம் நற்குணமே இல்லை என்று கருதக் கூடாது என்றும் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் மக்கள் குறைந்தது 2 கோடிப் பேரை இழந்ததையும், எரிந்துபோன அவர்களுடைய வீடுகளையும் வயல்களையும் தன் நாட்டு மக்களுக்கு நினைவுபடுத்தினார். சோவியத் பத்திரிகைகள் அந்த உரையை முழுசாகவே வெளியிட்டன. ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. உரையால் மட்டும் அது நடந்துவிடவில்லைதான், இருந்தாலும் பேச்சுவார்த்தைக்குக் கதவு திறக்க அந்த உரை உதவியது. இவரைக் கோழை என்று யாராவது சொல்வார்களா?

வெறுப்புப் பேச்சின் அடி யார் மேல் விழுகிறது என்பதையும் கட்டுரை தொடவே இல்லை. எதிரி நாட்டு அமைச்சருக்கு ஒன்றும் ஆகாது, அவருக்குக் காவல் இருக்கிறது. மாட்டிக்கொள்வது அந்த முகச்சாயலோடு, அந்தப் பெயரோடு நம் நடுவில் வாழ்கிறவர்கள். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பிறகு அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது, அதில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் சேர்ந்து ஊதிவிட்ட நெருப்பு அது. 1988-ல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்தது, சரி, இழந்த கடையும் வயலும் அந்த வருஷங்களும் அதில் திரும்பி வந்துவிடுமா?

அப்புறம், போருக்கான பிரசாரத்தைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 20-வது பிரிவு சொல்கிறது. நாட்டு, இன, மத வெறுப்பைக் கிளப்பி வன்முறைக்குத் தூண்டுவதையும் அப்படியே. அதில் கையெழுத்திட்ட நாடுகளின் தலைவர்களே அப்படிப் பேசும்போது உங்களைப் போன்ற இதழ்கள் அதை வீரமாகக் காட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். இனி அப்படி ஒரு பேச்சு வந்தால் வசைச்சொல்லைத் தலைப்பில் கொட்டை எழுத்தில் போடாதீர்கள். அந்த நாட்டு அரசின் எந்தச் செயலைக் கண்டிக்கிறார், ஆதாரம் என்ன, என்ன செய்யப்போகிறார் என்று பேசியவரிடம் உங்கள் நிருபர் கேட்கட்டும், பதில் வரவில்லை என்றால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்