தத்துவப் பட்டத்துக்கு ப்ளஸ் டூ குரூப் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

தத்துவத்தையும் இன்னொரு கலைப்புலப் பாடத்தையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிப்பது பற்றித் தங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த குரூப், எத்தனை மதிப்பெண், நுழைவுத் தேர்வு உண்டா என்று பாதி இடம் சேர்க்கைத் தகுதிக்கே போய்விட்டது. கோத்தகிரியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பல வருஷம் வரலாறு எடுத்தவள் நான். இந்தப் படிப்புக்கு எந்த குரூப்பும் தடையாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

தத்துவம் என்று ஒரு பாடம் நம் மேல்நிலைப் பள்ளியில் கிடையாது. ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்று ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் பள்ளிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, கணக்கு எடுத்தவனும் வணிகவியல் எடுத்தவளும் இங்கே புதிதாகத்தான் ஆரம்பிக்கப் போகிறார்கள். தர்க்கம் என்று வந்தால் கணக்குப் பிள்ளைக்குக் கொஞ்சம் கை ஓங்கியிருக்கலாம், அவ்வளவுதான். நம் ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் 1923-இல் நாராயண குருகுலத்தைத் தொடங்கிய தத்துவ ஞானி நடராஜ குருவே சென்னை மாநிலக் கல்லூரியில் அறிவியல் படித்துவிட்டு, பிறகு பாரிஸ் சொர்போனில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஊட்டிக்காரர்களுக்கு வேறு சாட்சி வேண்டுமா?

கெடுபிடி பாடத்திட்டத்துக்குள் வரட்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்ட விதிகளில் இரட்டை மேஜருக்கு, அதாவது ஒரே பட்டத்தில் இரண்டு முதன்மைப் பாடம் படிக்க, வழி இருக்கிறது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாட அளவுப் புள்ளி). முதல் மேஜருக்குப் பாதி என்றால் 60. இரண்டாவதில் குறைந்தது 40 சதவீதம், அதாவது 48. மிஞ்சுவது 12. மொழி, திறன் மேம்பாடு, பிற துறைப் பாடம் எல்லாம் அதற்குள் அடங்காது. அந்தப் பேப்பர்களையே இரண்டாவது மேஜரோடு ஒட்டினாற்போல் எடுத்தால்தான் கணக்கு உதைக்காது. நம் மாநிலம் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை; இங்கே பி.ஏ.வுக்கு நான்கு செமஸ்டர் தமிழும் ஆங்கிலமும் உண்டு. இரட்டைப் பாடத்துக்கு இடம் வேண்டும் என்று யாராவது இந்த மொழிப் பேப்பர்களில் கை வைத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

கை வைக்க வேண்டியதே இல்லை. இரண்டு துறையும் சேர்ந்து நடத்த வேண்டிய பேப்பர் தமிழிலேயே தயாராக இருக்கிறது. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்தில் அளவைவாதி தொடங்கி ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி வரை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த அளவையியலையே, அதாவது தர்க்கத்தையே, பாடமாக எடுக்கிறார். சமணக் காப்பியமான நீலகேசி நெடுகிலும் வாதம்தான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதி பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறது. தமிழ் இலக்கிய வகுப்பில் இந்தப் பகுதிகள் வந்தால் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு தாண்டிவிடுவோம். தேர்வுக்கு அது போதும். தத்துவ வகுப்பிலோ நியாய தரிசனமும் பௌத்த தர்க்கமும் ஆங்கிலப் புத்தகம் வழியாக வந்து சேர்கின்றன. ஒரு தமிழ் ஆசிரியரும் ஒரு தத்துவ ஆசிரியரும் ஒரே வகுப்பில் நின்று 29-ஆம் காதையை வரி வரியாக நடத்தினால் அதுதான் இணைப் பட்டம். அது இல்லாமல் இங்கே பத்துப் பேப்பர், அங்கே பத்துப் பேப்பர் என்று பிரித்துக்கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டு துறையின் அரியர்தான் மிஞ்சும்.

இறுதியாண்டில் ஓர் ஆய்வேடும் கட்டாயமாக வேண்டும். நான்காம் ஆண்டில் ஆய்வு செய்ய முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் என்கிறது மானியக் குழு. மற்ற படிப்புக்கு எப்படியோ, இரண்டு பாடத்தையும் கோத்து யோசிக்கத் தெரிந்ததா என்று பார்க்க இதில் வேறு வழியில்லை. நாற்பது பக்கம் போதும், எல்லோரும் எழுதட்டும்.

நீலகிரியிலிருந்து பி.ஏ. தத்துவம் படிக்க நினைப்பவர் சென்னை மாநிலக் கல்லூரி, விவேகானந்தா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி என்று அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது. பந்தலூர் எஸ்டேட் லைனிலிருந்து வரும் பெண்ணுக்கு ஹாஸ்டல் செலவே முதல் தகுதித் தேர்வு. ஊட்டி ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் 1955 முதல் இயங்கும் நம் அரசு கலைக்கல்லூரியில் வரலாறும் தமிழும் இருக்கின்றன. தத்துவத்துக்கு இரண்டு ஆசிரியர் பணியிடம் கொடுத்தாலே தொடங்கிவிடலாம்.

கட்டுரை தொடாத ஒன்று இணைத்தன்மை. என்னிடம் படித்த ஒரு பெண் இரண்டு பாடப் பெயர் போட்ட பட்டம் வாங்கினாள். அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனபோது, இது எந்தப் பட்டத்துக்கு இணை, அரசாணை எங்கே என்று கேட்டார்கள். அவளிடம் இல்லை. படிக்கச் சேரும்போது அவளுக்கு அதை யாரும் சொல்லவும் இல்லை. தத்துவமும் வரலாறும் என்று பட்டத்தில் அச்சடித்தால், ஆசிரியர் தேர்வு வாரியம் அதை வரலாற்றுப் பட்டமாக ஏற்குமா என்பது முதல் பேட்ச் சேரும் முன்பே தீர்ந்திருக்க வேண்டும். அரசாணை எண்ணை விண்ணப்பப் படிவத்திலேயே போட பல்கலைக்கழகம் தயாரா என்று தங்கள் நிருபர் கேட்டு வெளியிட்டால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

— ஓய்வுபெற்ற முதுகலை வரலாற்று ஆசிரியை,
கோத்தகிரி