சேகருக்கு, அந்த துப்பாக்கி விஷயமா

மாப்ள சேகர்,

உன் வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன். போன்ல பேசினா பாதி மறந்துபோகும்னுதான் உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படி. இங்க எல்லாரும் சுகம். அம்மா மதுரைய விட்டு வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, முழங்கால் வலி இப்ப கொஞ்சம் பரவால்லயாம். சின்னவ காலேஜுக்குப் போயிட்டா, வீடே வெறிச்சோடிக் கெடக்கு. டெக்சாஸ் வெயில்ல எங்க தோட்டத்துல வெண்டைக்கா மட்டும்தான் தாக்குப்பிடிக்குது.

உங்க தெருவுல ரெண்டு வீட்ட ஒடச்சு உள்ள பூந்துட்டாங்கன்னு கேட்டதும் எனக்கும் பக்குனு ஆச்சு. தங்கச்சி ராத்திரி தூங்கவே மாட்டேங்குதுன்னு வேற சொன்ன. ஒரு பிஸ்டல் வாங்கணும், ஆனா 2006-ல நடந்த அந்த கேஸ் இப்ப குறுக்க வருமான்னு கேட்டல்ல, அதுக்குதான் இந்த லெட்டர். கடைசியா ஒண்ணு சொன்ன பாரு, "இல்லன்னா உன் பேர்ல வாங்கி குடுடா"ன்னு, அதுக்கு பதில மட்டும் முதல்லயே சொல்லிடறேன். மாட்டேன்டா. கோவிச்சுக்காத. துப்பாக்கி வாங்கறவங்க நிரப்பணும்னு கடைல குடுக்கற 4473ங்கற அரசாங்க ஃபார்ம்ல நிஜமா வாங்கறது நீதானான்னு ஒரு கேள்வி இருக்கு, அதுல பொய் சொன்னா அதுவே தனி குத்தம். 2022-ல வந்த சட்டத்துக்கு அப்புறம் தடை இருக்கறவன்னு தெரிஞ்சே ஒருத்தனுக்காக வாங்கித் தர்றதுக்கு 15 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. உனக்காக கிட்னி கேட்டாக்கூட யோசிப்பேன், இத செய்யமாட்டேன்.

இப்ப என் கதைய கேளு, உன்கிட்ட கூட முழுசா சொன்னதில்ல. 2008-ல அபார்ட்மென்ட் பார்க்கிங்ல பக்கத்து வீட்டுக்காரனோட தகராறு ஆகி, அவன் என்ன தள்ள நான் அவன தள்ள, போலீஸ் வந்து என்ன மட்டும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கைரேகை, போட்டோ எல்லாம் எடுத்தாங்க. ஆறு மாசத்துல கேஸ டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க, நானும் தலைமுழுகிட்டேன்னு நெனச்சேன். 2021-ல எங்க நெலத்துல காட்டுப்பன்னி வந்து மொத்தத்தையும் உழுது போட்டுட்டுப் போகுதுன்னு ஒரு ரைஃபிள் வாங்கப் போனேன். ஃபார்ம் ஃபில் பண்ணி குடுத்தேன், கடைக்காரர் துப்பாக்கி வாங்கறவங்களோட பழைய ரெக்கார்ட பாக்கற எஃப்பிஐயோட நிக்ஸ் சிஸ்டத்துல செக் பண்ணாரு, எனக்கு முன்னாடி நின்னவருக்கு ரெண்டு நிமிஷத்துல ப்ரொசீட், அதாவது குடுக்கலாம்னு வந்துச்சு, எனக்கு டிலேட், அதாவது இன்னும் பாக்கணும்னு வந்துச்சு. அந்த நேரம் கடைல நின்னவங்க எல்லாம் என்னையே பாக்கற மாதிரி ஒரு கூச்சம்டா, பதிமூணு வருஷம் கழிச்சு மறுபடியும் அந்த பார்க்கிங்ல நிக்கற மாதிரி இருந்துச்சு.

என்ன ஆச்சுன்னா, அரெஸ்ட் பண்ணது ரெக்கார்டுல ஏறியிருக்கு, கேஸ் எப்படி முடிஞ்சுதுங்கறது ஏறல. அந்த கவுண்டிக்காரங்க, நம்ம ஊரு மாவட்டம் மாதிரி, ரிசல்ட்ட மேல அனுப்பவே இல்ல. நிக்ஸ் ஆபீஸ் இருக்கற வெஸ்ட் வர்ஜீனியா க்ளார்க்ஸ்பர்க்ல உக்காந்து ஸ்க்ரீன பாக்கறவருக்கு, இவன அடிதடில புடிச்சிருக்காங்க, அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல, அவ்ளோதான் தெரியும், அவர் மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. மூணு வேலை நாளுக்குள்ள பதில் வரலன்னா கடைக்காரர் விருப்பப்பட்டா குடுக்கலாம்னு சட்டம் சொல்லுது, குடுத்தே ஆகணும்னு இல்ல. எங்க கடைக்காரர் ப்ரொசீட் வராம தரமாட்டேன்னுட்டாரு. அப்ப கடுப்பா இருந்துச்சு, இப்ப யோசிச்சா அவர் செஞ்சதுதான் சரின்னு படுது. 2015-ல சார்ல்ஸ்டன் சர்ச்ல ஒம்போது பேர சுட்டவனுக்கும் இதே மாதிரி ஒரு பழைய அரெஸ்ட் ரெக்கார்டு சரியா கெடைக்காம செக் இழுத்துக்கிட்டே போயி, மூணு நாள் தாண்டினதாலதான் துப்பாக்கி கைக்குப் போச்சு. எனக்கு ஆன தாமதமும் அங்க போன உசுரும் ஒரே மாதிரி ஓட்டையால வந்தது, யாரோ ரெக்கார்ட சரியா ஏத்தாம விட்டது. அத நெனச்சா இன்னிக்கும் மனசு என்னமோ பண்ணுது.

நான் கோர்ட் க்ளார்க் ஆபீஸுக்கே போயி, டிஸ்மிஸ் ஆனதுக்கு சீல் வெச்ச காப்பி வாங்கி, எஃப்பிஐக்கு அனுப்பி, வாலன்டரி அப்பீல் ஃபைல்னு ஒண்ணு இருக்கு அதுல சேந்தேன். கைரேகை குடுக்கணும். அவங்க ஒரு நம்பர் தருவாங்க, அடுத்த தடவ ஃபார்ம்ல அத எழுதிட்டா நம்மள வேற ஆளோட குழப்பிக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம்டா, அப்பா பேரு ஒரு எடத்துல கடைசிப் பேரா இருக்கும், இன்னொரு எடத்துல முதல் பேரா இருக்கும், பாஸ்போர்ட்ல ஒரு ஸ்பெல்லிங், லைசன்ஸ்ல ஒரு ஸ்பெல்லிங். ஃபார்ம்ல சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கட்டாயம் இல்ல, ஆனாலும் எழுதிடு.

இப்ப உன் விஷயம். அரெஸ்ட் ஆனியாங்கறது பெரிய கேள்வியே இல்ல, கேஸ் எதுல முடிஞ்சுதுங்கறதுதான் கேள்வி. ஒரு வருஷத்துக்கு மேல தண்டனை குடுக்கக்கூடிய குத்தத்துல கன்விக்‌ஷன் ஆகியிருந்தா, அதாவது குத்தவாளின்னு தீர்ப்பு வந்திருந்தா, துப்பாக்கி வாங்கவும் வெச்சிருக்கவும் தடை, நீ ஒரு நாள் கூட உள்ள இருக்கலன்னாலும் தடைதான், ஏன்னா குடுத்த தண்டனைய பாக்கறதில்ல, குடுத்திருக்கக்கூடிய தண்டனையதான் பாக்கறாங்க. மாநில சட்டத்துல மிஸ்டிமீனர்னு சொல்ற சின்ன குத்தமா இருந்தா, அதிகபட்ச தண்டனை ரெண்டு வருஷம் வரைக்கும் இருந்தாலும் விட்டுடறாங்க. இதுல ஒரு கொடுமை பாரு, முதல் தடவ குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டினா டெக்சாஸ்ல அதிகபட்சம் 180 நாள், பிரச்சினை இல்ல. அதே தப்ப மாசச்சூசெட்ஸ்ல பண்ணியிருந்தா அதிகபட்சம் ரெண்டரை வருஷம், ஃபெடரல் கணக்குல தடைக்குள்ள போயிடுவ.

ஆனா உன்னுது குடி கேஸ் இல்லயே மாப்ள. நீயும் முதல் வைஃபும் சண்டை போட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸுக்கு போன் பண்ணி, வக்கீல் ஏதோ பேசி முடிச்சாரு, ஃபைன் கட்டினேன்னு அப்ப சொன்ன. அது டிஸ்ஆர்டர்லி கான்டக்ட்னு சொல்ற பொது அமைதியக் கெடுத்த கேஸா, டொமஸ்டிக் வயலன்ஸ்னு சொல்ற குடும்ப வன்முறை கேஸான்னு உனக்கே ஞாபகம் இல்லங்கற, எனக்கு பயம் அங்கதான். 1996-ல லாட்டன்பர்க்னு ஒரு செனட்டர் கொண்டுவந்த திருத்தப்படி வீட்டுல இருக்கறவங்க மேல கை வெச்சதுக்கு சின்ன மிஸ்டிமீனர் கன்விக்‌ஷன் இருந்தாலும் தடை. மனைவி விஷயத்துல இத்தன வருஷம் ஆச்சுன்னு காலாவதி ஆகறதும் கெடையாது. செக்சன் பேர மட்டும் பாக்கமாட்டாங்க, அந்த செக்சன்ல பலத்த உபயோகிக்கறது ஒரு அம்சமா இருக்கான்னு பாப்பாங்க. இத வக்கீல்தான் படிச்சு சொல்லணும், நானோ கடைக்காரரோ சொல்லக்கூடாது. அந்த சட்டம் நியாயமில்லன்னு நீ நெனக்கலாம். எனக்கு அப்படி தோணல. அந்த வருஷம் உன் வீட்டுல துப்பாக்கி இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிச்சிருக்கேன், உன்ன குறை சொல்ல இல்லடா, நீ அப்ப இருந்த நெலமைய கூட இருந்து பாத்தவன் நான்.

அதனால கடைக்கு இன்னும் போகாத. முதல்ல அந்த கோர்ட்ல கேஸ் நம்பர் கேட்டு, தீர்ப்போட சர்டிஃபைட் காப்பி வாங்கு. டிஸ்மிஸ்னோ, சம்பந்தமில்லாத செக்சன்னோ இருந்தா அந்தப் பேப்பர கையில வெச்சுக்கிட்டு தைரியமா போ. டினைட், அதாவது குடுக்கக்கூடாதுன்னு வந்தாலும் காரணம் கேட்டு ஆன்லைன்ல அப்பீல் போடலாம், 60 நாளுக்குள்ள பதில் சொல்லணும்னு இருக்கு. டொமஸ்டிக்தான்னு வந்துச்சுன்னா, எக்ஸ்பஞ்ச் பண்ண, அதாவது அந்த ரெக்கார்டையே அழிக்க முடியுமா, கவர்னர் மன்னிப்புக்கு வழி இருக்கான்னு வக்கீல்கிட்ட கேளு. அது முடியற வரைக்கும் தங்கச்சி பேர்ல வாங்கற யோசனையும் வேணாம், உன் கைக்கு எட்டற எடத்துல அது இருந்தா வைச்சிருந்தவன் நீன்னுதான் கேஸ் வரும்.

அதுவரைக்கும் கதவுக்கு நல்ல பூட்டா போடு, கேமரா மாட்டு, நாய் வளக்கறதுன்னா தங்கச்சிக்கு புடிக்குமான்னு கேளு. செலவு எவ்ளோ ஆகும்னு சொல்லு, பாதி நான் அனுப்பறேன். காப்பி வந்த அன்னிக்கு நீயா பிரிச்சுப் படிச்சு டென்ஷன் ஆகாத, எனக்கு போன் பண்ணு, ராத்திரி எத்தன மணியானாலும் எடுப்பேன், சேந்து படிப்போம். தங்கச்சியையும் பசங்களையும் கேட்டதா சொல்லு.

உன்
ரவி

வெண்டைக்கா வெதை காய வெச்சிருக்கேன், அனுப்பறேன். ஒஹாயோ குளுருக்கு மே கடைசில போட்டா வரும்.